பத்திரம் பெட்டியில இருக்கு, பட்டா யார் பேர்ல இருக்கு?
வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கும், ஊரில் அவர்கள் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு பாடம்

திருமுல்லைவாயிலில் சி.டி.எச். சாலையை விட்டு உள்ளே திரும்பி நாலு தெரு நடந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். இரண்டு பக்கமும் மூணு மாடிக் குடியிருப்புகள். நடுவில் ஒரே ஒரு காலிமனை. கருவேல முள், உடைந்த காம்பவுண்டு, பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி. கூடவே ஒரு போர்டு: "இந்த இடம் விற்பனைக்கு அல்ல".

அந்த மனையின் சொந்தக்காரர் மஸ்கட்டிலோ, சிங்கப்பூரிலோ, டொராண்டோவிலோ இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் சொத்து விஷயமாக அரசு அலுவலகங்களைப் பற்றிச் சொல்லும் குறைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். "இருபது நாள் லீவுல வந்தேன், பதினெட்டு நாள் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன்." "இங்க கேட்டா அங்க போகச் சொல்றாங்க, அங்க கேட்டா இங்க அனுப்புறாங்க." "ஓடிபி வெளிநாட்டு நம்பருக்கு வரவே மாட்டேங்குது." இவை நியாயமான ஆதங்கங்கள். ஆனால் இந்த அலைச்சலில் பெரும்பகுதிக்கு ஒரே காரணம்தான். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலையைப் போனிலேயே முடிக்கலாம், மீதியை ஒரே பயணத்தில் முடிக்கத் திட்டமிடலாம். அந்தக் காரணம் என்ன என்பதுதான் இந்தப் பாடம்.

ஒரே மனை, நாலு பதிவேடு

உங்கள் மனையைப் பற்றிய தகவல் ஒரே இடத்தில் இல்லை. நாலு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பதிவுத் துறை. நீங்கள் வாங்கிய கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். யார் யாருக்கு விற்றார், அடமானம் ஏதும் உண்டா என்பது வில்லங்கச் சான்றில் தெரியும்.

இரண்டாவது, வருவாய்த் துறை. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் இங்கே. திருமுல்லைவாயில் என்றால் திருவள்ளூர் மாவட்டம், ஆவடி வட்டாட்சியர் அலுவலகம்.

மூன்றாவது, உள்ளாட்சி. சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர், கட்டட அனுமதி. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. பக்கத்திலேயே இருக்கும் அம்பத்தூரோ 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே எல்லைப் பகுதியில் இரண்டு தெரு தள்ளியிருந்தால் வரி கட்ட வேண்டிய மாநகராட்சியே மாறிவிடும்.

நான்காவது, திட்ட அனுமதி. இந்தப் பகுதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சி.எம்.டி.ஏ.வின் எல்லைக்குள் வருகிறது. உங்கள் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா இல்லையா என்பது இதில் அடங்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நாலில் ஒன்று சரியாக இருந்தால் மற்ற மூன்றும் தானாகச் சரியாகிவிடாது. பத்திரம் பதிவானதாலேயே பட்டா உங்கள் பெயருக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் வரி கட்டிய ரசீது உரிமையாளர் என்பதற்குத் தனி ஆதாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனைக்கும் பட்டா இருக்கலாம்.

ஊரிலேயே இருப்பவர் இந்த இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து நடந்தே நிரப்பிவிடுகிறார். வெளிநாட்டில் இருப்பவருக்கு இடைவெளி இருப்பதே தெரிவதில்லை. விற்கப் போகும்போதோ, கடன் கேட்கும்போதோ, அப்பா இறந்த பிறகோதான் தெரிகிறது. அப்போது கையில் இருப்பது இருபது நாள் லீவு.

இடைவெளி எப்படி வந்தது?

1980-களிலும் 90-களிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நிறைய விளைநிலங்கள் மனைகளாகப் போடப்பட்டன. வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி, வாங்கிப் போட்ட குடும்பங்கள் ஏராளம். பத்திரம் பதிவானது, பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. ஆனால் பல மனைப்பிரிவுகளில் பட்டா மட்டும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் பெரிய சர்வே எண்ணை ஒவ்வொரு மனைக்கும் உட்பிரிவு செய்து அளந்து பட்டா மாற்றும் வேலையை அன்று யாரும் கேட்கவில்லை, செய்யவும் இல்லை.

இதில் என்ன ஆபத்து? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வாரிசுகள் வருவாய்ப் பதிவேட்டைக் காட்டி அதே இடத்தை இன்னொருவருக்கு விற்க முயற்சி செய்யலாம். அது வழக்காகிவிட்டால், மஸ்கட்டில் இருந்துகொண்டு பூந்தமல்லி நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக ஆள் அனுப்ப வேண்டிவரும்.

காலிமனைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உங்கள் இடத்தை வேறொருவர் உங்கள் உரிமைக்கு எதிராக வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்து வந்தால், அதை மீட்க நீங்கள் வழக்குப் போடும் உரிமை போய்விடக்கூடும். 12 வருஷம் என்பது நான்கைந்து விடுமுறைக்கு ஒருமுறை மனைப்பக்கம் போய்ப் பார்க்காமல் விட்டால் ஓடிவிடும் காலம்தான்.

2016-ல் என்ன நடந்தது?

வெளிநாட்டில் இருந்த பலருக்குத் தெரியாமல் போன ஒரு மாற்றம் இது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

உங்களுக்கு இதன் பொருள் இதுதான். உங்கள் மனை 20-10-2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பத்திரப் பதிவு ஆகியிருந்தால், அதை மறுபடி விற்றுப் பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டால் முறைப்படுத்தல் ஆணை கேட்பார்கள். அதனால்தான் வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். முறைப்படுத்த விண்ணப்பிக்கும் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை மாநகராட்சியிலோ சி.எம்.டி.ஏ.விலோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கோயில் நிலம் என்று பதிவேட்டில் இருந்தாலும் இதே 22-ஏ பிரிவின் கீழ் பதிவு மறுக்கப்படும். மாசிலாமணீஸ்வரர் கோயில் போன்ற பழைய கோயில்கள் உள்ள ஊர்களில் மனை வாங்கும் முன் சர்வே எண்ணை 'அ' பதிவேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

போனிலேயே பார்க்க வேண்டியவை

துபாயில் காலை எட்டரை என்றால் இங்கே பத்து மணி. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொத்து விவரம் எழுதிய கடைசிப் பக்கம்தான் முக்கியம்.

1. பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் கிடைக்கும். உங்கள் பத்திரத்துக்குப் பிறகு நீங்கள் செய்யாத ஏதாவது பதிவு இருக்கிறதா? அதுதான் கேள்வி.

2. வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். நகர நில அளவை முடிந்த இடமாக இருந்தால் பழைய சர்வே எண்ணில் ஒன்றும் வராது. வார்டு, பிளாக், நகர அளவை எண் தேவைப்படும்.

3. அதே தளத்தில் புலப்படத்தை இறக்குங்கள். உங்கள் மனை தனி உட்பிரிவாக இருக்கிறதா, இல்லை பெரிய சர்வே எண்ணுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறதா?

4. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளத்தில் சொத்து வரி அல்லது காலிமனை வரி நிலுவையைப் பாருங்கள். வரி அரையாண்டுக்கு ஒருமுறை. யார் பெயரில் கேட்பு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

தேடும்போது ஒரு சின்ன சிக்கல் வரலாம். பழைய பத்திரத்தில் "செங்கல்பட்டு மாவட்டம்" என்றோ "செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்" என்றோ இருக்கும். அந்த மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. வட்டத்தின் பெயரும் மாறியிருக்கலாம், சார்பதிவாளர் அலுவலகமும் மாறியிருக்கலாம். பயப்பட வேண்டாம். கிராமத்தின் பெயரை வைத்து இப்போதைய அலுவலகம் எது என்று டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே பார்க்கலாம்.

ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

இந்தத் தளங்கள் பத்து இலக்க இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்புகின்றன. இது வெளிநாட்டில் இருப்பவருக்கு உண்மையான தடை. இப்போதைக்கு வழி, ஒரு இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது. முடியாவிட்டால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் எண்ணைக் கொடுங்கள்.

புரோக்கர் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். "சார், என் நம்பரைப் போட்டுடலாம், ஈஸியா இருக்கும்" என்பார். விண்ணப்பத்தில் எந்த எண் இருக்கிறதோ அதற்குத்தான் எல்லாக் குறுஞ்செய்தியும் போகும். விசாரணைத் தேதி, குறைபாடு, நிராகரிப்பு, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

பட்டா மாற்றம்: இரண்டு வகை

உட்பிரிவு இல்லாதது ஒரு வகை. முழு சர்வே எண்ணோ ஏற்கெனவே பிரித்த உட்பிரிவோ அப்படியே கைமாறினால், பட்டாவிலுள்ள பெயரும் விற்றவர் பெயரும் ஒன்றாக இருந்தால், இப்போது பத்திரப் பதிவோடு சேர்த்துத் தானாகவே பட்டா மாற்றம் நடக்கிறது. பழைய பத்திரங்களுக்கு 'தமிழ் நிலம்' தளத்தில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

உட்பிரிவு தேவைப்படுவது இன்னொரு வகை. திருமுல்லைவாயில் மாதிரி இடங்களில் பழைய மனைகள் பெரும்பாலும் இதில்தான் வரும். சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். நாலு மூலையும் காட்ட ஆள் வேண்டும். இதைப் போனில் செய்ய முடியாது. ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, அளவு நடக்கும் காலத்தை ஒட்டி லீவு போடுங்கள். லீவில் வந்து இறங்கிய பிறகு விண்ணப்பிப்பவர்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்.

பெயர் விஷயத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இனிஷியலோடு பெயர் போதும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் உறுதிமொழி ஆவணத்தையும் பள்ளிச் சான்று போன்ற ஆதாரத்தையும் தயாராக வைத்திருங்கள்.

பவர் கொடுப்பதற்கு முன்

நீங்கள் வர முடியாதபோது இன்னொருவர் உங்களுக்காகக் கையெழுத்திட, பொது அதிகாரப் பத்திரம் தேவை. பேச்சுவழக்கில் 'பவர்'. வெளிநாட்டில் எழுதும்போது மூன்று படிகள்.

முதலில், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ, அல்லது அந்நாட்டு நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட வேண்டும். அடுத்து, மூலப் பத்திரத்தை இங்கே அனுப்புங்கள். வந்து சேர்ந்த கூரியர் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. மூன்றாவதாக, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை செலுத்திச் சான்று பெற்ற பிறகே அதைப் பயன்படுத்த முடியும்.

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். குடும்ப உறுப்பினருக்குக் கொடுக்கும் பவருக்குக் கட்டணம் குறைவு. வெளியாளுக்கு, அதுவும் விற்கும் அதிகாரத்தோடு கொடுத்தால், மிக அதிகம். பட்டா மாற்றத்துக்கும் வரி கட்டவும் மட்டும் அதிகாரம் தேவை என்றால் அதை மட்டும் எழுதுங்கள். "விற்கவும்" என்ற ஒரு சொல்லைச் சும்மா சேர்க்காதீர்கள். அதிகாரத்தை ரத்து செய்தால், ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மறுபக்கம் வாங்குபவர்களுக்கும் ஒரு பாடம். பவர் பத்திரம் வாங்கிவிட்டால் சொத்து உங்களுடையது ஆகிவிடாது. பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்பாவுக்குப் பிறகு

சொத்து அப்பா பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் வழங்குவார். இதில் வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் எல்லோர் பெயரும் இடம்பெற வேண்டும். "அவ அமெரிக்காவுல செட்டில் ஆயிட்டா, அவ பேரு எதுக்கு?" என்று விட்டுவிட்டால், பிற்பாடு விற்கும்போது அந்த ஒரு கையெழுத்துக்காக எல்லாமே நின்றுவிடும்.

அப்பா இருக்கும்போதே பட்டாவை அவர் பெயருக்கு மாற்றி வைத்துவிட்டால், பிள்ளைகள் இரண்டு தலைமுறைக் குழப்பத்தை ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டியிருக்காது.

வாங்கும்போதும் விற்கும்போதும்

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டைதாரர்களும் வீடு, வீட்டுமனை, வணிகச் சொத்து வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள், ஓசிஐ அட்டை இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது.

விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. பிடித்தம் மிக அதிகமாக இருக்கும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

அலைய விட்டால்?

விண்ணப்பித்தும் பதில் இல்லையா? முதலில் கேட்க வேண்டியது விண்ணப்ப எண். எண் இல்லாமல் கொடுத்த மனுவுக்குக் கணக்கு இல்லை. பட்டா ஆணையில் திருப்தி இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். முதல்வரின் முகவரித் துறைக்கு இணையத்தில் புகார் தரலாம், ஊரில் இருப்பவர்கள் 1100-க்கு அழைக்கலாம். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடமும் முறையிடலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் பெறும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு உண்டு. ஓசிஐ அட்டைதாரருக்கு அந்த உரிமை இல்லை, ஊரில் இருக்கும் உறவினர் கேட்கலாம். "என் மனு ஏன் தாமதம்?" என்று கேட்காமல், "இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது?" என்று கேளுங்கள். தேதி கேட்டால் தேதி வரும்.

இந்த வாரப் பயிற்சி

பத்திரத்தை எடுத்து, ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். பத்திரம் யார் பெயரில்? பட்டா யார் பெயரில்? வரி யார் பெயரில்? மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா?

முதல் மூன்று வரியிலும் ஒரே பெயர், நாலாவதில் 'உண்டு' என்று வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். எந்த வரி பொருந்தவில்லையோ, அடுத்த லீவில் நீங்கள் போக வேண்டிய அலுவலகம் அதுதான். மற்ற மூன்று அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.